தண்ணிக்கு வலிக்குமா?

ஒரு அசைவுக்குத் தீங்கு செய்ய முடியுமா? ஒரு உயிருக்குச் செய்யலாம். ஒருவருடைய உடைமைக்கும் பெயருக்கும் செய்யலாம். ஆனால் சும்மா வந்து போய்க்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்திவிட்டால், அது தவறு என்று சொல்ல நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஃபண்டி வளைகுடாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நேரில் போய்ப் பார்த்த பிறகு தொல்லை இன்னும் கூடிவிட்டது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா என்ற இரண்டு மாகாணங்களுக்கு நடுவே அட்லாண்டிக் கடல் ஒரு புனல் போல உள்ளே நீளும் இடம் ஃபண்டி. கடல் ஏறி இறங்குவதற்கு ஓதம் என்ற பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. ஃபண்டியின் வாய்ப்பகுதியில் ஓதம் நான்கு மீட்டர் போல ஏறி இறங்கும். உள்ளே போகப் போக அகலமும் ஆழமும் குறைவதால் ஏற்றம் கூடிக்கொண்டே வரும். உள்கோடியில், மைனஸ் பேசின் பகுதியில் உள்ள பர்ன்ட்கோட் ஹெட்டில் அது 16 மீட்டர் வரை போகிறது. ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம். ஒரு ஏற்றத்தில் உள்ளே வரும் நீர் சுமார் 16,000 கோடி டன் என்று கணக்கிடுகிறார்கள். அதே நேரத்தில் உலகத்தின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கடலில் கொட்டுவதைவிட இது அதிகம்.

ஏன் இங்கே மட்டும் இப்படி? புனல் வடிவம் ஒரு காரணம்தான், முக்கியமான காரணம் வேறு. தொட்டித் தண்ணீரை ஒரு பக்கம் தள்ளிவிட்டால் அது எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வரும். போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்பதைத் தொட்டியின் நீளமும் ஆழமும் தீர்மானிக்கின்றன. ஃபண்டியும் அதன் வெளியே இருக்கும் மெய்ன் வளைகுடாவும் சேர்ந்த தொட்டிக்கு இந்த நேரம் 13 மணிக்குச் சற்று மேல். நிலவின் இழுப்பால் வெளிக்கடலில் ஓதம் எழும் இடைவெளி 12 மணி 25 நிமிடம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்து யாரோ தள்ளிக்கொண்டே இருப்பது போல, ஒவ்வொரு தள்ளலும் முந்தைய அசைவோடு சேர்ந்து வளர்கிறது. வளைகுடாவின் நீளம் வேறாக இருந்திருந்தால் இந்த ஓதம் இல்லை. ஃபண்டி என்ற பாத்திரத்தில் ஓதம் என்ற பொருள் நிரப்பப்படுகிறது என்று நினைத்தால் விஷயம் பிடிபடாது. அந்தக் கரையைச் செதுக்கியதே ஓதம்தான்.

ஹோப்வெல் பாறைகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். இறக்க நேரத்தில் கடலடியில் இறங்கி நடக்க விடுகிறார்கள். அடி குறுகித் தலை பெருத்த பாறைத்தூண்கள், உச்சியில் மரங்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது என் தலைக்கு வெகு மேலே பாறையில் கடற்பாசி ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்தில் இன்னும் சில மணி நேரத்தில் படகு போகும். "நேரமாச்சு, ஏறுங்க" என்று பணியாளர்கள் எல்லோரையும் மேலே அனுப்புகிறார்கள். கெஞ்சினால் கடல் ஐந்து நிமிடம் கூடத் தராது.

அந்தப் பாறைகளிலிருந்து அதிக தூரமில்லை பெட்டிகோடியாக் ஆறு. அது ஃபண்டியில் கலக்கிறது. கலக்கிறது என்று சொல்வதே பாதி உண்மைதான். ஒரு நாளில் இரண்டு முறை ஃபண்டி ஆற்றுக்குள் ஏறி வருகிறது. ஓதத்தின் முன்விளிம்பு ஒற்றை அலையாக, சேற்று நிறத்தில், கரைக்குக் கரை நீண்டு, ஆறு ஓடும் திசைக்கு எதிராக மாங்டன் நகரம் தாண்டிப் போகும். 1968இல் மாங்டனுக்கும் ரிவர்வியூவுக்கும் நடுவே ஆற்றின் குறுக்கே காஸ்வே கட்டினார்கள். மண்மேடு, மேலே சாலை, ஐந்து மதகுக் கதவுகள், மீன்களுக்கு ஒரு வழி. போக்குவரத்து எளிதாகும், மேலே உள்ள வயல்களில் உப்புநீர் ஏறாது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

மேல்பக்கம் ஏரி ஆனது. கீழ்ப்பக்கம், கொண்டுவந்த சேற்றைத் திருப்பி எடுத்துப்போக ஓதத்துக்குப் பலமில்லை. சேறு படிந்து படிந்து, ஒரு கிலோமீட்டர் போல அகலமாக இருந்த ஆறு சில ஆண்டுகளில் நூறு மீட்டருக்கும் கீழே ஒடுங்கியது. மீன்வழி சரியாக வேலை செய்யவில்லை. பெருமையாகச் சொல்லப்பட்ட அலை கணுக்கால் நனைக்கும் சிற்றலையாகிவிட்டது.

இதை ஒரு நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் எஞ்சினியர். கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னான்: "சரிடா, தண்ணி உள்ள வர்றத தடுத்தா தண்ணிக்கு வலிக்குமா? மீன் செத்துச்சுன்னா மீனுக்காக அழு, புரியுது. அலைக்காக அழறது வெறும் ரசனை."

அவன் சொன்னது வலுவான வாதம். நமது அறநூல்களில் பெரும்பகுதி அவன் பக்கம்தான் நிற்கும். துன்பப்பட ஒருவர் இருந்தால்தான் துன்பம். ஆகவே அவனுடைய கணக்கிலேயே முதலில் போய்ப் பார்த்தேன்.

சால்மன் மீன்கள் குறைந்தன. ஷேட் என்ற மீன், நம் உல்லம் மீன் போலக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடுவது, அந்த ஆற்றில் இல்லாமல் போனது. இதுவரை கணக்கு எளிது. பிறகு ஒரு மட்டி வருகிறது. குள்ள ஆப்பு மட்டி என்று பெயரை மொழிபெயர்க்கலாம். விரல் கணு அளவு நன்னீர் மட்டி. கனடாவில் அது வாழ்ந்தது இந்த ஒரு ஆற்றுத்தொகுதியில் மட்டும். நகரத் தெரியாத அந்த உயிர் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. அதன் இளம்பருவம் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில வாரம் பயணம் செய்து, பிறகு உதிர்ந்து புதிய இடத்தில் வாழத் தொடங்கும். மீன் வருவது நின்றது. 1999இல் அந்த மட்டி கனடாவிலிருந்து அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. ஷேட் மீன் வராமல் போனதுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள்.

இங்கேதான் நண்பனின் கணக்கு இடறுகிறது. காஸ்வேயின் லாப நட்டம் எழுதப்பட்ட காகிதத்தில் இந்த மட்டிக்கு வரி இருந்திருக்க முடியாது. அது மீனை நம்பியிருந்தது, மீன் ஓதத்தை நம்பியிருந்தது. பாதிக்கப்பட்டவர் பட்டியலை எழுதி முடித்துவிட்டு அப்புறம் தீர்ப்பு சொல்வோம் என்பவர், பட்டியல் முடியக்கூடியது என்று முன்கூட்டியே நம்புகிறார். அசைவு என்பது நண்பன் சொன்னது போல வெறும் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நமக்குப் பெயர் தெரியாத எத்தனையோ உறவுகள் அதன் வழியாகத்தான் நடக்கின்றன. அலைக்கு வலிக்காது. யாருக்கு வலிக்கும் என்று நமக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

அப்படியானால் எந்த நீரையும் எப்போதும் தடுக்கக்கூடாதா? அவ்வளவு சுலபமாக முடிக்கவும் என்னால் முடியவில்லை. இதே ஃபண்டிக் கரையில் 17ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய பிரெஞ்சு விவசாயிகள், அகேடியர்கள், உப்புச் சதுப்பில் கரை கட்டினார்கள். கரைக்கு அடியில் மரக்குழாய், அதில் ஒரு தொங்கு கதவு. மழைநீர் வெளியே போகும்போது கதவு தானாகத் திறக்கும். ஓதம் ஏறும்போது கடலே அதைத் தள்ளி மூடிவிடும். அபுவாட்டோ என்று அதற்குப் பெயர். சில ஆண்டுகள் மழை உப்பைக் கழுவிய பிறகு அங்கே கோதுமை விளைந்தது. 1755இல் பிரிட்டிஷார் அம்மக்களைக் கூட்டங்கூட்டமாக நாடு கடத்தினார்கள். பார்க்க ஆளில்லாத கரைகளை 1759இன் புயல் உடைத்தது. பிறகு வந்த குடியேறிகளுக்கு அதைச் சரிசெய்யத் தெரியவில்லை. கைதிகளாக இருந்த அகேடியர்களையே கூப்பிட்டு வேலை வாங்கினார்கள். அந்தக் கரைநிலத்தின் ஒரு பகுதியான கிராண்ட் ப்ரே 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இதுவும் ஓதத்தைத் தடுத்ததுதானே? ஒன்று பாரம்பரியம், மற்றது குற்றம் என்று எதை வைத்துச் சொல்வது? பழையது என்பதாலா, கதை சோகமானது என்பதாலா? அகேடியர் கரைகளும் அவற்றைத் தொடர்ந்தவையும் ஃபண்டியின் உப்புச் சதுப்புகளில் பெரும்பகுதியை விழுங்கியிருக்கின்றன. அந்த நிலத்தில் அவர்களுக்கு முன்பே மிக்மாக் மக்கள் வாழ்ந்தார்கள். ஆகவே அபுவாட்டோவை நான் புனிதமாக்கவில்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. அபுவாட்டோ கட்டியவன் அதைவிட்டுப் போக முடியாது. கதவில் கட்டை சிக்கும், கரையில் பிளவு விழும், ஒவ்வொரு பெரிய ஓதத்துக்கும் பார்த்தாக வேண்டும். கடலிடம் எடுத்ததற்குத் தினமும் உழைப்பால் வாடகை கொடுத்தான். கொடுப்பது நின்றதும் கடல் எடுத்துக்கொண்டது. காஸ்வே அப்படியில்லை. ஒருமுறை முடிவெடுத்து, கட்டி, மறந்துவிடலாம். அதன் விளைவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடமை யாருக்கும் தனியாக இல்லை.

சரி, மறந்ததை நினைவுபடுத்தினால்? 2010 ஏப்ரல் 14 அன்று ஐந்து கதவுகளையும் திறந்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு நடந்தது. ஆறு மறுபடி அகலமானது, அலை திரும்பியது. 2013இல் அதன்மேல் 29 கிலோமீட்டர் சறுக்கிப் போனார்கள். 2021இல் காஸ்வேயின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பாலம் வந்தது. இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்த ஏரிக்கரையில் வீடு கட்டியவர்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். நாற்பது வருடம். அங்கே பிறந்த பிள்ளைக்கு அது ஆறாக இருந்ததே தெரியாது. வீட்டுக்குப் பின்னால் எப்போதும் ஏரி. ஒருநாள் காலையில் அது சேற்றுப் படுகை. அவர்களுடைய இழப்பை நான் போலி என்று சொல்லமாட்டேன். முதல் முடிவை எடுத்தவர்கள் அவர்கள் இல்லை, விலை கொடுத்தவர்கள் அவர்கள். மட்டிக்கும் கதவு திறந்தது உதவாது. மீன்மேல் ஏறி வர, முதலில் அங்கே ஒரு தாய் மட்டி இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நான் மின்சாரம் பயன்படுத்துகிறவன், நிலக்கரி வேண்டாம் என்று சொல்கிறவன். ஃபண்டியின் ஓதத்திலிருந்து மின்சாரம் எடுக்க 1984இல் அனாபொலிஸ் ராயலில் 20 மெகாவாட் நிலையம் வந்தது. டர்பைனில் மீன்கள் சாவது பற்றிய கேள்விகளும் இயந்திரக் கோளாறும் சேர்ந்து 2019இல் அது நின்றது. இதைவிடப் பெரிய தடுப்பணைகளை மைனஸ் பேசினில் கட்டும் யோசனை அதற்கு முன்பே இருந்தது. கணித மாதிரி போட்டுப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அணை கட்டினால் தொட்டியின் நீளம் குறையும், அதன் ஆட்டம் நிலவின் இடைவெளிக்கு இன்னும் நெருங்கும், அதனால் பல நூறு கிலோமீட்டர் தள்ளி அமெரிக்காவின் பாஸ்டனில் கடல் இன்னும் உயரமாக ஏறும். தள்ளி வைத்துப் பார்க்க முடியாத அசைவு இது. ஓரிடத்தில் கைவைத்தால் இன்னோர் ஊரின் வாசலில் தெரியும்.

ஆல்டோ லியோபோல்ட் 1949இல் வெளியான தன் புத்தகத்தில், நிலத்தையும் நீரையும் உயிர்களையும் ஒரே சமூகமாகப் பார்த்து, அதன் நிலைத்தன்மையைக் காப்பது சரி, குலைப்பது தவறு என்ற பொருளில் எழுதினார். ஃபண்டியில் நிலைத்திருப்பது எது என்று கேட்டால், நிற்காமல் இருப்பதுதான். ஆகவே நண்பனுக்கு இப்போது நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தண்ணிக்கு வலிக்காதுடா. ஆனா தடுக்கிறவன்மேல ஒரு கடன் ஏறுது. அந்த அசைவு செய்துகொண்டிருந்த வேலை என்ன என்று தேடிக்கொண்டே இருக்கும் கடன். திரும்பத் திறக்கும்படி கட்டும் கடன். திறக்கும்போது ஏரிக்கரைக்காரனைக் கைவிடாத கடன். இவற்றை ஏற்க ஆளில்லை என்றால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தடுப்பது தவறு என்றே நினைக்கிறேன்.

ஆர்க்டிக் பகுதியிலிருந்து வரும் ஒருவகைச் சிறிய உள்ளான்கள் கோடை முடிவில் ஃபண்டியின் சேற்றில் இறங்குகின்றன. அரிசியளவு சேற்று இறாலைத் தின்று இரண்டு மூன்று வாரத்தில் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு, நிற்காமல் கடலின் மேலே தென் அமெரிக்காவுக்குப் பறக்கும். ஓதம் ஏறும்போது சேறு மூழ்கிவிடும். கரையோரக் கூழாங்கற்களில் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக் காத்திருக்கும். யாராவது கிட்டே போனால் மொத்தமாக எழும்பும், சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் வீணாகும். அதனால் அங்கே வருபவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறார்கள்: தண்ணீர் இறங்கும்வரை கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.