கோடிட்ட இடம்

பள்ளிக்கூடத்தில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்றால் எனக்குக் கொண்டாட்டம். தெரியவில்லை என்றாலும் எதையாவது எழுதிவிட்டு வாருங்கள், காலியாக விட்டால் சைபர், எழுதினால் ஒருவேளை அடித்தாலும் அடிக்கும் என்று டீச்சரே சொல்லித்தான் பரீட்சைக்கு அனுப்புவார். பன்னிரண்டு வருஷம் அப்படியே பழகினோம். பிறகு காலேஜ் முடித்து, 2003-ல் மாயவரத்திலிருந்து சென்னைக்கு வந்து, கோடம்பாக்கத்தில் ஒரு இரண்டாவது மாடியில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் டிரெய்னிங்கில் சார் சொன்னது நேர் எதிரானது. "காதுல விழலைன்னா கோடு போட்டுட்டுப் போ. ஊகிக்காதே. அந்தப் பக்கம் ஒரு உடம்பு இருக்கு."

இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்கு இந்த வேலையைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் ஃபோனை எடுத்து, கண்டது, செய்தது, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் சொல்லிப் பதிவு செய்துவிடுவார். அந்த ஒலிக்கோப்பு கடல் தாண்டி எங்களிடம் வரும். காதில் ஹெட்ஃபோன், காலடியில் பெடல். மிதித்தால் பேசும், விட்டால் நிற்கும், ஓரத்தை அழுத்தினால் பின்னால் போகும். கேட்டதை டைப் செய்து, எடிட்டர் பார்த்து, விடிவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். சம்பளம் வரிக்கணக்கு. ஒரு வரி என்பது 65 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. அந்த வருஷங்களில் சென்னையில் திரும்பிய பக்கமெல்லாம் இதற்கு ஒரு பயிற்சி மையத்தின் போர்டு இருந்தது. இங்கிலீஷ் தெரிந்த, எஞ்சினியரிங் படிக்காத பிள்ளைகளுக்கு அது ஒரு வழி.

டிரெய்னிங்கில் பாதிக்கு மேல் உடற்கூறியல் இல்லை, மருந்தியலும் இல்லை. ஸ்டைல்தான். எண்ணை எழுத்தில் எழுதுவதா, இலக்கத்தில் எழுதுவதா? 'மில்லிகிராம்' சுருக்கத்துக்குப் பின்னால் புள்ளி உண்டா? தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தா? அமெரிக்க மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் சங்கம் 1978-ல் தொடங்கியது. அவர்கள் போட்ட 'புக் ஆஃப் ஸ்டைல்' எங்கள் மேஜையில் பைபிள் மாதிரி கிடக்கும். அது போதாதென்று ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தனித்தனி விதிகள். ஒரு ஆஸ்பத்திரிக்குக் கமா வேண்டும், இன்னொன்றுக்கு அதே இடத்தில் கமா கூடாது. கமா தப்பினால் கால் மார்க் போகும். எங்கள் கம்பெனியில் 98-க்குக் கீழே இறங்கினால் எடிட்டர் அக்காவின் முகம் மாறும். இவ்வளவு அற்பமான ஒரு வேலையா என்று ஆரம்பத்தில் தோன்றியது. சாகக்கிடக்கிற ஆளின் ரிப்போர்ட்டில் கமாவைப் பற்றி என்ன பேச்சு?

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு சைபர். டாக்டர் 'ஒன் மில்லிகிராம்' என்றால் 1 என்று மட்டும் எழுத வேண்டும். 1.0 கூடாது. ஃபேக்ஸில் புள்ளி அழிந்துபோனால் அது 10. பாதி மில்லிகிராம் என்றால் .5 என்று எழுதக் கூடாது, 0.5 என்றுதான் எழுத வேண்டும்; முன்னால் சைபர் இல்லாவிட்டால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். ஒரு இடத்தில் சைபர் கொல்லும், இன்னொரு இடத்தில் காப்பாற்றும். 'யூனிட்' என்பதை யூ என்ற ஒற்றை எழுத்தாகச் சுருக்கக் கூடாது, ஏனென்றால் 10-ஐ ஒட்டி அதை எழுதினால் 100 என்று படிப்பார்கள். தினம் ஒரு வேளைக்கான லத்தீன் சுருக்கம் க்யூ.டி., ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு க்யூ.ஓ.டி.; நடுவில் இருக்கிற ஓ ஒரு புள்ளி மாதிரி தெரிந்தால் போச்சு. அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-ல் இவற்றையெல்லாம் 'பயன்படுத்தாதே' என்று ஒரு பட்டியலாகவே போட்டது. இலக்கண விதி மாதிரி தெரிந்தவை எல்லாம் எங்கோ யாரோ தவறாகப் படித்ததிலிருந்து வந்தவை என்று புரிந்தபோது, எனக்கு அந்த ஸ்டைல் புத்தகத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது. கொஞ்சம் பயமும்.

இன்னொரு விதி இதைவிடச் சிக்கலானது. டாக்டரின் இங்கிலீஷைத் திருத்தலாம், மருத்துவத்தைத் திருத்தக் கூடாது. 45 வயதுப் பெண் என்று ஆரம்பித்து நடுவில் 'அவன்' என்றால் 'அவள்' என்று மாற்றிவிடலாம். மேலே வலது முழங்கால் என்று சொல்லிவிட்டுக் கீழே இடது முழங்கால் என்றால் கைவைக்கக் கூடாது. கொடி போட்டு, கேள்வியோடு திருப்பி அனுப்ப வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மொழி எங்கே முடிந்து மருத்துவம் எங்கே ஆரம்பிக்கிறது? 'நோ செஸ்ட் பெயின்' என்பதற்கும் 'நவ் செஸ்ட் பெயின்' என்பதற்கும் ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம். ரத்த அழுத்தம் அதிகம் என்கிற ஹைப்பர்டென்ஷனும் குறைவு என்கிற ஹைப்போடென்ஷனும் வாயில் சூயிங்கம்மோடு பேசுகிறவரிடம் ஒன்றுதான். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். ஒருவர் கார் ஓட்டிக்கொண்டு பேசுவார்; பின்னால் இண்டிகேட்டர் டிக் டிக் என்று கேட்கும்.

2005-ல் ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும். சர்க்கரை நோயாளி ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரி. டாக்டர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் எடுக்க வேண்டிய மருந்துகளில் லான்டஸ் இன்சுலின், படுக்கும் நேரத்தில், ஃபிஃப்டீன் யூனிட். அல்லது ஃபிஃப்டி யூனிட். பெடலை எத்தனை முறை மிதித்தேன் என்று எண்ணவில்லை. வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். பக்கத்து சீட் பெண்ணின் காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன். அவள் "பதினஞ்சு" என்றாள், பிறகு "அம்பதுப்பா" என்றாள். மருந்துப் புத்தகம் உதவவில்லை, இரண்டுமே கொடுக்கக்கூடிய அளவுதான். ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் வேறெங்கும் அந்த எண் வரவில்லை.

கோடு போட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று கோடு போட்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு கோப்புக்கு மூன்றுதான் கணக்கு. நான்காவது போட்டால் கோப்பு வேறு வரிசைக்குப் போகும், எனக்கு வரிக்குப் பாதிக் காசு. அந்த மாதம் ஹாஸ்டல் பாக்கி இருந்தது. நான் 15 என்று அடித்தேன். குறைச்சலாகப் போட்டால் ஆபத்தில்லை என்று நினைத்தேன், குறைந்த இன்சுலினும் ஆளைச் சாய்க்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது என்று இங்கே எழுத வந்தேன். பொய். தெரியும். இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாகி ஐ.சி.யூ.வுக்கு வந்தவர்களின் ரிப்போர்ட்டுகளை அதற்கு முந்தைய வாரம்கூட டைப் செய்திருக்கிறேன்.

அந்தக் கோப்புக்கு எனக்கு 99.1 மார்க். ஒரு கமாவுக்கும் ஒரு தலைப்புக்கும் குறைத்திருந்தார்கள். 15-ஐ யாரும் கேட்கவில்லை. சுத்தமாக, சரியான ஸ்டைலில், சைபர் இல்லாமல், 'யூனிட்' என்று முழுசாக எழுதிய ஒரு எண்ணை யார் சந்தேகப்படுவார்கள்?

பல வருஷம் கழித்து, அந்த வேலையை விட்டு ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்திக்கொண்டிருந்தபோது அலபாமா வழக்கைப் பற்றிப் படித்தேன். 2008-ல் அந்த மாநிலத்தில் ஒரு பெண் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிறார். சம்மரியில் இன்சுலின் 8 யூனிட் என்று இருக்க வேண்டியது 80 என்று இருந்தது. அப்படியே கொடுத்தார்கள். இறந்துபோனார். டைப் செய்யும் வேலை கைமாறிக் கைமாறி இந்தியாவுக்கு வந்திருந்தது. 2012-ல் ஜூரி 140 மில்லியன் டாலர் இழப்பீடு விதித்தது. செய்தியில் டைப் செய்தவரின் பெயரோ முகமோ இல்லை. அவருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்றுதான் யோசித்தேன். நான் அவரில்லை என்கிற நிம்மதி முதலில் வந்தது. நான் எப்படி அவரில்லை என்ற கேள்வி அதற்குப் பின்னால் வந்தது, இன்னும் போகவில்லை.

பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் 1976-ல் இதற்கு 'தார்மீக அதிர்ஷ்டம்' என்று பெயர் வைத்தார்கள். நேகல் தரும் உதாரணம் ஒரு லாரி ஓட்டுநர். பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்ட இரண்டு பேரில் ஒருவன் முன்னால் குழந்தை ஓடிவருகிறது, இன்னொருவன் முன்னால் யாரும் வரவில்லை. செய்த அலட்சியம் ஒன்றே. ஆனால் ஒருவன் வாழ்நாள் முழுக்கக் குழந்தையைக் கொன்றவன், மற்றவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறான். படிக்க அருமையான உதாரணம்தான். ஆனால் அதில் ஒன்று குறைகிறது. அந்த ஓட்டுநருக்குத் தெரு காலியாக இருந்தது என்று தெரியும். எனக்குத் தெரு தெரியாது. என் 15 சரியாக இருந்திருக்கலாம். தவறாக இருந்து ஒரு நர்ஸ் பிடித்திருக்கலாம். மூன்றாவதையும் சொல்லத்தான் வேண்டும், சொல்ல வரவில்லை.

இதில் டாக்டருக்குப் பங்கில்லையா என்று கேட்கலாம். உண்டு. எங்களுக்கு வரும் கடிதங்கள் சிலவற்றின் அடியில் ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். தமிழில் சொன்னால், 'சொன்னேன், படித்துப் பார்க்கவில்லை'. இவ்வளவு நேர்மையான ஒரு பொறுப்புத் துறப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சொன்னவர் படிக்கவில்லை, எழுதியவருக்கு நோயாளி தெரியாது, படிக்கிறவருக்கு இந்த இருவரையும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. உடல் பரிசோதனை என்ற இடம் வந்ததும் சில டாக்டர்கள் "என்னோட நார்மலைப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அவர் பெயரில் ஒரு பத்தி சேமித்து வைத்திருப்போம்: நுரையீரல் தெளிவு, இதய ஒலி சீர், வயிறு மென்மை. ஒரு விசையைத் தட்டினால் பத்து வரி வந்து விழும். எங்களுக்குக் காசு. ஸ்டெதஸ்கோப் அந்த நெஞ்சைத் தொட்டதா என்பது எங்கள் கேள்வி இல்லை. அப்படித் தெளிந்த நுரையீரல்கள் எத்தனை ஆயிரத்தை நான் எழுதியிருப்பேன்!

பதிப்பக வேலையில்தான் உ.வே.சா.வின் புறநானூற்றை நிதானமாகப் பார்த்தேன். 1894-ல் வந்த பதிப்பு. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, குறிலும் நெடிலும் ஒன்றாகவே தெரியும், ஓரங்களைச் செல் அரித்திருக்கும். மோசமான ஆடியோவில் வேலை பார்த்தவளுக்கு அந்த அவஸ்தை கொஞ்சம் புரியும். 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் கிடைக்கவே இல்லை. வேறு பல பாட்டுகளில் நடுநடுவே வரி சிதைந்து, அந்த இடத்தில் வெறும் புள்ளிகள். அவர் நினைத்திருந்தால் யாப்புத் தப்பாமல் ஒரு சீரை வைத்து அடைத்திருக்க முடியாதா என்ன? அடைத்திருந்தால் நாம் கண்டுபிடித்திருப்போமா? புள்ளி வைத்துவிட்டுப் போனார். ஒரு ராத்திரி அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் நான்காவது கோடு அங்கே இருந்தது. அவருக்குக் கோட்டுக்கு இத்தனை என்று யாரும் பிடித்தம் செய்யவில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பதிப்பு வேலைக்காக அவர் அலைந்த அலைச்சலையும் பட்ட கடனையும் படித்தவர்களிடம் அந்தச் சமாதானம் எடுபடாது.

இப்போது அந்தக் கோடம்பாக்கம் மாடியில் வேறு ஏதோ கடை. கேட்டு எழுதுவதை மென்பொருளே செய்கிறது. அது தடுமாறுவதில்லை, அதுதான் எனக்குப் பயம். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று பக்கத்து சீட்டைக் கேட்காது. ஏதோ ஒன்றை அழகாக எழுதிவிடும்.

போன ஆடியில் அம்மாவுக்கு நெஞ்சு படபடப்பு வந்து சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரி நான்கு பக்கம். பழக்கதோஷம், கோடு எங்கேயாவது இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். ஒன்றுகூட இல்லை. மருந்துப் பட்டியலில் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், 1.0 மில்லிகிராம். புள்ளி மங்கலாக இருந்தது. கீழே மருந்துக்கடைப் பையனிடம் "ஒண்ணா பத்தா?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஒண்ணுதான்க்கா, பத்து யாராச்சும் குடுப்பாங்களா?" என்றான். அப்படியும் மேலே போய் டியூட்டி டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பழக்கவழக்கம் என்ற இடத்தில், 'மது, புகையிலை பழக்கத்தை மறுக்கிறார்' என்று இருந்தது. இங்கிலீஷில் அப்படித்தான் எழுதுவார்கள், இல்லை என்று சொன்னால்கூட மறுக்கிறார் என்று, ஸ்டேஷனில் எழுதுகிற மாதிரி. அமெரிக்காவில் 2021 முதல் நோயாளிகளே தங்கள் குறிப்புகளைப் படிக்கலாம் என்று ஆனபிறகு அங்கே இந்தச் சொல்லைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். இங்கே அம்மா பேசினாள்.

"என்னை யாருடி கேட்டா?"

நாற்பது வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவள். இடது கன்னம் உப்பியிருக்கும், யார் பார்த்தாலும் தெரியும்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் இருந்த காலி இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

"என்னத்தடி எழுதப் போறே?"

"நீ சொல்லு, எழுதிக்கறேன்" என்றேன்.

"கல்யாணமாகி வந்த வருஷம்" என்று ஆரம்பித்தாள்.