விலை ஏறணும்னு முருகன்கிட்ட வேண்டலாமா?

ஓம் சரவணபவ.

போன சஷ்டி அன்னைக்கு ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, மார்க்கெட் இறங்கிட்டே இருக்கு. ஏறணும்னு முருகன்கிட்ட வேண்டினா தப்பா?" சிலர் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. நான் வளர்ந்ததே இந்தக் கேள்வியோடதான்.

எனக்கு ஊர் போடிநாயக்கனூர். எங்களுக்கு மார்க்கெட்னா ஏலக்காய். இன்னைக்கு ஏலத்துல ஒரு விலை, அடுத்த ஏலத்துல வேற விலை. போடிமெட்டுக்கு மேல அப்பாவுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. "விலை ஏறணும் முருகா"னு அம்மா விளக்கு முன்னாடி சொல்லாத நாளே கிடையாது.

2018 ஆகஸ்ட்ல கேரளா வெள்ளம். இடுக்கி மலையில நிலச்சரிவு, செடியெல்லாம் அழுகிப்போச்சு. அடுத்த வருஷம் வரத்து குறைஞ்சு, 2019 ஆகஸ்ட்ல ஏலத்துல அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. எங்க தோட்டம் பாதி தப்பிச்சிருந்தது. வீட்டுல பாயசம் வச்சோம். அப்பா மட்டும் சாப்பிடல.

"வேண்டுதல் பலிச்சிருச்சுன்னு சொல்லாதீங்க. அப்ப பக்கத்துல மண்ணுல புதைஞ்ச தோட்டமும் நம்ம வேண்டுதல்தானா?"

வீட்ல யார்கிட்டயும் பதில் இல்ல.

அந்த வருஷம்தான் நான் மாசம் 3,000 ரூபாய்க்கு எஸ்ஐபி ஆரம்பிச்சேன். 2020 ஜனவரியில 12,300-க்கு மேல இருந்த நிஃப்டி, மார்ச் 23-ல 7,610-க்கு வந்துச்சு. அன்னைக்கு ஒரே நாள்ல சுமார் 13 சதவீதம் விழுந்தது. எல்லாத்தையும் வித்துடலாம்னு நினைச்சு அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அந்தப் பணம் உனக்கு எப்ப வேணும் தம்பி?"

"பத்து வருஷம் கழிச்சுப்பா."

"அப்ப ஏன் இன்னைக்கு விலையைப் பாக்குற? ஏலச்செடி மூணாம் வருஷம்தான் காய்க்கும். வேர் விட்டுச்சான்னு தினமும் பிடுங்கிப் பாத்தா செடி செத்துரும்."

விக்கல. நவம்பர்லயே நிஃப்டி பழைய உயரத்தைத் தாண்டிருச்சு.

ஆனா இதை என் பக்திக்கோ புத்திசாலித்தனத்துக்கோ சாட்சியா சொல்ல மாட்டேன். எனக்கு வீட்டுல இருந்தே வேலை, சம்பளம் தவறாம வந்துச்சு. அதே நாள்ல எங்க ஊர்ல இருந்து மலைக்கு வேலைக்குப் போறவங்களுக்கு எல்லை மூடியிருந்துச்சு, ஜீப் ஓடல. அவங்களுக்கு 'நீண்ட காலம்'னா அடுத்த வாரத்து அரிசி. பொறுமை நல்ல குணம்தான், ஆனா அதுக்குக் கொஞ்சம் வசதியும் வேணும். 7,610-ல வித்தவர் கோழை இல்ல, வேலை போனவரா இருக்கலாம். நான் மலிவா வாங்கினது அவரோடதா இருக்கலாம்.

இன்னொண்ணும் பார்த்தேன். 7,000-ஐப் பார்த்துட்டு கடன் வாங்கித் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவங்க உண்டு. 2022-ல சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழ. செடி காத்திருக்கும், வட்டி காத்திருக்காது.

அதனால தம்பி, ஆறு மாச வீட்டுச் செலவை முதல்ல தனியா எடுத்து வை. கடன் வாங்கிப் போடாத. தினமும் ஆப்பைத் திறக்காத. அதுக்கப்புறம் வேண்டு.

வேண்டுறது தப்பில்ல. அம்மா இன்னும் அப்படித்தான் வேண்டுறாங்க, ஒரு தாய் மனசு முருகனுக்குத் தெரியாதா? சூரனையே அவன் அழிக்காம மயிலாவும் சேவலாவும் ஏத்துக்கிட்டான். நம்ம ஆசையையும் அழிக்க வேண்டியதில்ல, அவன் காலடியில வச்சா போதும். நான் இப்ப வேண்டுறது இவ்வளவுதான்: "ஏறும்போது தலை கனக்கக் கூடாது. இறங்கும்போது கை நடுங்கக் கூடாது. என் லாபத்துக்குப் பின்னாடி யாருடைய நஷ்டமாவது இருந்தா, அது என் கண்ணுக்குத் தெரியணும்."

2019-ல காசு கைக்கு வந்ததும் அப்பா செஞ்ச முதல் வேலை, மண் சரிஞ்ச பக்கத்துத் தோட்டத்துக்கு நடுறதுக்குக் கன்னு கொடுத்தது. அதுக்குக் காசு வாங்கல. அன்னைக்கு ராத்திரிதான் பாயசம் கேட்டார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏