எத்தனை சாட்சிகள்?

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் திருப்பூருக்கும் கோவைக்கும் நேர்ந்த இடரை நம்மில் பலர் இதற்குள் மறந்திருக்கலாம். தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்னும் செய்தியோடு சில காணொளிகள் கைப்பேசி வழியே பரவின. வடக்கே பெற்றோர் அஞ்சி நடுங்கித் தம் பிள்ளைகளை ஊர் திரும்புமாறு அழைத்தனர். பனியன் தொழிலோ இன்று வடமாநிலத்தவரின் கைகளைப் பெரிதும் நம்பி நிற்பது. தையற்பொறியின் முன் ஆள் இல்லையெனில் சரக்கு அனுப்பும் கெடு தவறும். கெடு தவறினால் அடுத்த ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும். பரவியவற்றுள் இரண்டு காணொளிகளைக் குறித்துத் தமிழகக் காவல்துறைத் தலைவர் விளக்கம் தந்தார். ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கிடையே முன்னர் நடந்த மோதல். மற்றொன்று, கோவையில் உள்ளூர்வாசிகளுக்கிடையே நடந்தது. நிகழ்ச்சிகள் உண்மை, அவற்றின்மேல் ஒட்டப்பட்ட விளக்கம் பொய். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து விசாரித்தது.

இதில் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது வேறொன்று. அவ்வாண்டு ஹோலிப் பண்டிகை மார்ச் 8ஆம் நாள் வந்தது. வழக்கம்போல் தொழிலாளர்கள் ஊருக்குச் செல்ல இரயில் நிலையங்களில் திரண்டனர். அந்தக் கூட்டமே, 'பாருங்கள், தப்பி ஓடுகிறார்கள்' என்பதற்குச் சான்றாகிவிட்டது. உண்மையான கூட்டம் பொய்யான செய்திக்குச் சாட்சி சொல்லிற்று. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது எவ்வளவு சரி! ஆனால் தீர விசாரிக்க வணிகனுக்கு நேரம் ஏது? அவன் இன்று மாலைக்குள் முன்பணம் அனுப்ப வேண்டும். அல்லது மறுக்க வேண்டும்.

நம்புவது ஒழுக்கத்தைச் சார்ந்த செயலா? செய்வதற்கு நாம் பொறுப்பு, நம்புவதற்கும் பொறுப்பா? 1877இல் வில்லியம் கிளிஃபர்டு என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் இக்கேள்விக்கு ஒரு வணிகனைக் கொண்டே விடை சொன்னார். கப்பல் உரிமையாளன் ஒருவன். அவனது கப்பல் பழையது. பழுது பார்க்கச் செலவாகும். எத்தனையோ முறை சென்று வந்த கப்பல்தானே என்று தன் ஐயங்களை ஒவ்வொன்றாக அடக்கி, மனமார நம்பி, குடிபெயரும் ஏழைகளை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது; அவன் காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு வாய் திறவாதிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவ்வாறு நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபர்டு. கப்பல் நலமாய்க் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே என்று மேலும் கூறுகிறார். அவர் சமய நம்பிக்கை உடையவர் அல்லர். ஆனால் இந்த இடத்தில் நம் மனச்சான்றோடுதான் பேசுகிறார்.

எனினும் அவர் வகுத்த விதியை, போதிய சான்றின்றி எதையும் நம்பலாகாது என்பதை, அப்படியே கைக்கொண்டால் கடைத்தெரு ஒரே நாளில் மூடப்படும். அவருக்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார் நம்புவதன் பயன் குறித்து ஒரு நூல் எழுதி, நம் தந்தை இன்னார் என்பதையே பிறர் சொல்லித்தான் அறிகிறோம், பிறர் சொல்லை நம்பாவிடில் மனிதக் குடும்பமே நிலைக்காது என்று காட்டினார். தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் கையில் புழங்கும் காசையும் குறிக்கிறது, சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கிறது. கடனுக்குச் சரக்கு இறக்கும் ஒவ்வொருவனும் முதலாவது நாணயத்தை இரண்டாவதன்பேரில்தான் விட்டுக்கொடுக்கிறான். ஆகவே நம்பலாமா என்பதன்று கேள்வி. எதை, எவ்வளவு நம்பலாம் என்பதே.

இங்கே புனித நியூமன் எனக்குத் துணைவருகிறார். 1870இல் வெளிவந்த தம் நூலில் அவர் சொல்வது இது: வாழ்வின் பெரும்பான்மையான உறுதிகள் ஒரே அசையாத சான்றினால் வருவதில்லை, தனித்தனியே வலுவற்ற பல அறிகுறிகள் ஒரே திசையைக் காட்டும்போது வருகின்றன. ஆனால் அவை ஒன்றையொன்று சாராதவையாய் இருக்க வேண்டும். தானியேல் நூலில் சூசன்னாவின் வரலாற்றை நாம் அறிவோம். இரண்டு முதியோர் சாட்சி சொன்னார்கள், ஊரே நம்பியது. இளைஞன் தானியேல் செய்தது ஒன்றே: இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்று தனித்தனியே கேட்டான். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொரு மரத்தை. இரண்டாகத் தெரிந்த சாட்சி ஒரே பொய்யின் இரண்டு வாய்கள் என்பது அப்போது வெளிப்பட்டது.

நம் கைப்பேசியில் ஒரே செய்தி பதினைந்து நண்பர்களிடமிருந்து வந்தால் பதினைந்து சாட்சிகள் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் அது ஒரு சாட்சியே. சிலவேளை அந்த ஒன்றும் இல்லை. 2017இல் இலண்டனின் டல்விச் பகுதியில் ஓர் எழுத்தாளர் தம் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் இணையதளத்தில் பதிவு செய்தார். அங்கே அடுப்பு எரியவில்லை, ஒருவரும் உண்ணவில்லை. சவர நுரையையும் வேறு பொருள்களையும் அலங்கரித்து எடுத்த படங்களே உணவுப் படங்கள். நண்பர்கள் புகழ்ந்து எழுதினர். பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட இலண்டன் உணவகங்களுள் கடைசியில் இருந்த அது, ஆறேழு மாதங்களில் முதலிடத்தைப் பிடித்தது. இடம் கேட்டுத் தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. நகைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் மெய்யாகவே அடுப்பேற்றி, ஆள் வைத்து, வாடகை கொடுத்து நடத்தியவர்கள் ஒரு படி கீழே தள்ளப்பட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களைக் குறித்து ஹார்வர்டு ஆய்வாளர் ஒருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இணைய மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை கூடுகிறது என்று கண்டார். பல கிளைகள் கொண்ட பெரிய உணவகங்களுக்கு அந்த விளைவு இல்லை. தனியாள் நடத்தும் கடைக்கே உண்டு. ஆக, பொய்யான நட்சத்திரம் களவாடுவது சிறியவனின் கல்லாவிலிருந்து. நம் நாட்டில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கு ஒரு தரநெறி வகுத்தது. ஆனால் வகுத்தபோது அதைக் கட்டாயமாக்கவில்லை.

சொல்பவர் யாரென்று தெரிந்தால் போதாதா எனலாம். போதாது. 2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் என்னும் பழம்பெரும் செய்தி நிறுவனத்தின் டுவிட்டர் கணக்கைக் களவாடியவர்கள், வெள்ளை மாளிகையில் குண்டுவெடிப்பு என்று எழுதினர். அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடு சில நிமிடங்களில் ஏறத்தாழ 140 புள்ளிகள் சரிந்து, மறுப்பு வந்ததும் மீண்டது. கணக்கு மெய்யானது, சொல் பொய். 2022 நவம்பரில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. எட்டு டாலர் கட்டினால் எவருக்கும் நீலக்குறி என்றானபோது, எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒருவர் போலிக் கணக்குத் தொடங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தார். நிறுவனம் மன்னிப்புக் கோரி மறுக்க வேண்டியதாயிற்று. இன்சுலின் விலைக்கு அஞ்சி வாழும் ஏழை நோயாளி ஒருவர் அதைப் படித்து ஒரு மணி நேரம் மகிழ்ந்திருப்பாரே என்று நினைக்கையில் அந்த வேடிக்கை எனக்குக் கசக்கிறது.

கருவி புதிது, சூழ்ச்சி பழையது. 1814 பிப்ரவரி 21 அதிகாலையில் படை அதிகாரியின் உடையில் ஒருவன் டோவர் நகரில் தோன்றி, நெப்போலியன் கொல்லப்பட்டான் என்றான். இலண்டனில் அரசுப் பத்திரங்களின் விலை ஏறியது. உறுதிச் செய்தி வராமையால் தளரத் தொடங்கியது. அப்போது பிரெஞ்சு அதிகாரிகள்போல் உடுத்திய சிலர் வண்டியில் ஏறி நகர வீதிகளில் வெற்றி முழக்கமிட்டுச் சென்றனர். விலை மீண்டும் ஏறியது. இரண்டாம் சாட்சியையும் அவர்களே ஏற்பாடு செய்திருந்தார்கள்! பிறகு பங்குச் சந்தைக் குழுவினர் வினவியது எளிய வினா: அன்று பெருமளவில் விற்றவர் யார்? 2023 மார்ச்சில் செபி அமைப்பு இடைக்கால ஆணை பிறப்பித்த யூடியூப் விவகாரத்திலும் இதே வினாதான். இரு சிறு நிறுவனங்களின் பங்குகளைப் போற்றித் தவறான தகவலோடு காணொளிகள் வெளியாயின. விலை ஏறியதும் முன்னரே வைத்திருந்தவர்கள் விற்றார்கள் என்று செபி குறிப்பிட்டது. வாங்கி இழந்தவர்கள்மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆயினும், அச்செய்தி உண்மையாயிருக்க வேண்டும் என்று விரும்பியதால் நம்பியவர்கள் அவர்களுள் இல்லையா? கப்பல் உரிமையாளனுக்கும் அதே நோய்தானே.

இதையெல்லாம் கேட்டு எதையுமே நம்பமாட்டேன் என்பவரும் அநீதி செய்கிறார். நேற்றுக் கடை திறந்த இளைஞனுக்கு மதிப்புரை இராது. போட்டியாளன் எழுதிய ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து அவனை ஒதுக்குவது, நம் அறநெறி நூல்கள் கண்டிக்கும் அவசரத் தீர்ப்பே. என் கருத்து இது: தவறினால் இழப்பு எனக்கு மட்டுமே எனில் குறைந்த சான்றோடு துணியலாம், என் நம்பிக்கையால் பிறனொருவனின் பிழைப்பு போகுமெனில், ஒன்றையொன்று சாராத சான்றுகளைக் கேட்டே தீர வேண்டும். இன்னார் கடையில் கலப்படம், இன்னார் நிறுவனம் திவாலாகிறது என்னும் செய்திகள் இந்த இரண்டாம் வகை. அவற்றை நம்பிச் சரக்கை நிறுத்தும் மொத்த வியாபாரி, ஒரு தொலைபேசி அழைப்பில் அந்த மனிதனையே கேட்டிருக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவனின் வாய்மொழி பெறாத தீர்ப்பு எந்த நீதிமன்றத்தில் செல்லும்?

பரப்பிவிட்டவரின் கடன் இன்னும் மிஞ்சியிருக்கிறது. ஒருவனின் நற்பெயரைப் பறித்தவன் அதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவன் என்பது புனித தோமா அக்குவினார் தெளிவாக எழுதிய போதனை. அறியாமல் பரப்பியவனுக்கும், பொய்யென்று அறிந்த கணத்திலிருந்து அக்கடன் உண்டு. யார் யார் காதில் அது விழுந்ததோ அவர்கள் காதிலேயே மறுப்பும் விழ வேண்டும். வாட்ஸ்அப்பில் 'அனைவருக்கும் நீக்கு' என்றொரு வசதி உண்டு. அதை அழுத்தியதும் செய்தி இருந்த இடத்தில், நீக்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் நிற்கும். அதற்குள் படித்தவர்கள் படித்ததையே நம்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களுள் ஒருவர் அந்தக் கடைக்காரருக்கு வழக்கமாய்ச் சரக்கு அனுப்புபவராக இருக்கலாம்.