விற்றபின் யாருடைய முயல்?

ஒரு பெண் முயல் ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடுகிறது. எட்டு வாரம் ஆனதும் இரண்டை ஓர் அசைவ உணவகத்துக்காரர் பேசிவைத்துக்கொள்கிறார். இன்னும் ஒரு மாதம் வளரட்டும், இரண்டு கிலோ வந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று ஒரு குடும்பம் இரண்டை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறது. மிச்ச மூன்றும் புதிதாகப் பண்ணை தொடங்கப் போகிறவரின் ‘யூனிட்’டில், அதாவது இனவிருத்திக்கென்று மொத்தமாக வாங்கும் தொகுதியில், சேர்கின்றன. தாய் ஒன்று, தீவனம் ஒன்று, தூக்கி வளர்த்த கையும் ஒன்று. இந்த ஏழில் எதற்கு, எவ்வளவு நாள் வரைக்கும், வளர்த்தவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்?

எதற்கும் இல்லை என்பதுதான் சட்டென்று வரும் பதில். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை முடிந்துவிட்டால், விற்றவர் கயிற்றைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். சட்டமும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் நிற்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், ஒரு விலங்கு யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரிடம்தான் அதன் நலனைக் கேட்கிறது. பட்டினியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது குற்றம் என்கிறது. கைவிடுபவர் அப்போதைய உடைமையாளர். 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடைகளுக்கான விதிகள் கடைக்காரரைப் பதிவு செய்யச் சொல்கின்றன, விற்றதற்குக் கணக்கு வைக்கச் சொல்கின்றன. கடைக்குப் பின்னால், கொல்லைப்புறத்தில் பத்துக் கூண்டு வைத்திருப்பவரை அவை அதிகம் தொந்தரவு செய்வதில்லை.

மனசாட்சியிடம் கேட்டால் வேறு பதில் வரும். ஆனால் அதுவும் பெரும்பாலும் தவறான திசையில்தான் போகிறது. உணவகத்துக்குப் போகும் இரண்டை நினைத்துச் சங்கடப்படுகிறோம். பிள்ளையிடம் போகும் இரண்டை நினைத்து, நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டதுபோல நிம்மதி கொள்கிறோம். வளர்த்தவரின் பொறுப்பை எடை போட்டால் தட்டு மறுபக்கம் தாழ்கிறது. கறிக்கு விற்பவரைவிடச் செல்லமாக விற்பவருக்கே கடன் கூடுதல்.

கறிக்குப் போகும் முயலின் எதிர்காலம் சிறியது, தெரிந்தது. எங்கே போகிறது, எத்தனை நாள், யார் கையால், எந்த விதமாக என்று வளர்த்தவர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கூட்டி அடைக்காமல், வெயிலில் நிறுத்தாமல், தண்ணீர் காட்டிக் கொண்டுபோகிறார்களா, வலியை நீட்டாமல் முடிக்கிறார்களா என்று பார்த்து, இல்லாவிட்டால் அடுத்த தடவை கொடுக்க மறுக்கலாம். கறிக்காகக் கொல்வது சரியா என்பது தனிக் கேள்வி. அதை இங்கே ஓரமாக நுழைத்துத் தீர்த்துவிட முடியாது. கொல்வதை ஏற்றுக்கொண்டவரின் கணக்குக்குள்ளேயே நின்று பார்த்தாலும், அவருடைய பொறுப்புக்கு ஒரு கரை தெரிகிறது.

செல்ல முயலுக்குக் கரை தெரிவதில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு முதல் பத்து ஆண்டு வாழக்கூடிய பிராணி அது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிய முயல், அந்தப் பிள்ளை கல்லூரி விடுதிக்குப் பெட்டி கட்டும்போதும் கூண்டில் இருக்க வேண்டும். ஆனால் இருப்பதில்லை. முயல் வைத்தியம் தெரிந்த மருத்துவர்கள் ஓரளவு கிடைக்கும் இங்கிலாந்திலேயே, மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது செல்ல முயல்களில் பாதி சுமார் நாலு வயதுக்குள் இறந்திருந்தன. வாங்கியவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

வளர்த்தவருக்குத் தெரியும். பொறுப்பு அங்கிருந்துதான் முளைக்கிறது. முயல் நோயைக் காட்டிக்கொள்ளாது. இரையாகும் பிராணிகளின் பிறவிக்குணம் அது. சோர்ந்து உட்கார்ந்திருப்பது புதிதாக வாங்கியவர் கண்ணில் படும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவை. நார் மிகுந்த புல்லை அரைத்தரைத்துத் தேய்க்காவிட்டால் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். ஒரு நாள் தின்னாமல் கிடந்தால் குடல் ஓட்டம் நின்று உயிருக்கே வினையாகும். உடம்புச் சூட்டை வியர்த்துத் தணிக்கத் தெரியாது, காதுகள் வழியாகத்தான் வெளியேற்றும். தமிழ்நாட்டில் அரசின் முயல் ஆராய்ச்சி உதகைக்கு அருகே சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலும் நடப்பது தற்செயல் அல்ல. இந்தப் பிராணிக்குக் குளிர் பிடிக்கும். அதைத்தான் சித்திரை மாதத்தில் தகரக் கூரை போட்ட மொட்டைமாடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். பண்ணையில் வேலிமசாலும் முயல்மசாலும் அகத்தியும் கல்யாண முருங்கையும் தின்று வளர்ந்ததற்கு, வீட்டில் பழைய சோறும் பிஸ்கட்டும் விழுகின்றன. கார்ட்டூன் பார்த்த குழந்தை கேரட்டை நீட்டுகிறது. கேரட் முயலுக்கு மிட்டாய், சாப்பாடு அல்ல.

இத்தனையும் தெரிந்தவர் தெரியாதவருக்கு விற்கும்போது கைமாறுவது முயல் மட்டுமே, அறிவு விற்றவரிடமே தங்கிவிடுகிறது. பம்புசெட் விற்பவர்கூட எத்தனை வோல்ட் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்.

‘ஜோடி’ என்ற வழக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தனியாக இருந்தால் ஏங்கிவிடும், ஜோடியாக எடுத்துக்கோங்க என்பது வியாபாரத்தின் தாரக மந்திரம். ஏங்கும் என்பதில் பொய்யில்லை. முயல் கூட்டத்தில் வாழும் பிராணிதான். ஆனால் ஜோடி என்று கையில் கொடுப்பது ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும். சிறிய இனங்கள் நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். முயலுக்கு மாட்டைப்போலப் பருவச்சுற்று கிடையாது. இணை சேர்வதே கருமுட்டையை வெளியேற்றும். சினைக்காலம் 31 நாள் அளவு. ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். தீபாவளிக்கு வாங்கிய குட்டி ஜோடி, சித்திரைக்குள் இரண்டாவது ஈற்றைக் காட்டிவிடும். முயலுக்குக் கருத்தடை அறுவை செய்யும் மருத்துவரைப் பெருநகரத்திலேயே தேடிப்பிடிக்க வேண்டும். முதல் ஈற்றை அக்கம்பக்கத்தில் ஆசையாக வாங்கிப்போவார்கள். இரண்டாவதற்கு ஆள் இருக்காது. மூன்றாவது ஈற்று ஒரு சாக்குப்பையில் ஏறி, பூங்காவுக்கோ கல்லூரி வளாகத்துக்கோ ஊருக்கு வெளியே உள்ள தோப்புக்கோ போகும். சுதந்திரமாக வாழட்டும் என்ற வாசகமும் கூடவே போகும். நம் ஊர்க் காட்டுமுயலும் இதுவும் வெவ்வேறு இனங்கள். காட்டுமுயலின் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியில் பிறந்து, ஓடப் பழகிக்கொள்ளும். வீட்டு முயலோ ஐரோப்பிய வளைமுயலின் வம்சம். புதருக்கு நடுவே வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கும் அதைத் தெருநாய்கள் ஒரே ராத்திரியில் முடித்துவிடும்.

குடும்பத்துக்கு ஜோடி விற்றவர் இரண்டு முயல் விற்கவில்லை. ஒரு பண்ணையை, அதை நடத்தத் தெரியாதவர் தலையில் கட்டியிருக்கிறார். இரண்டு பெண்ணாகக் கொடுத்திருக்கலாம், கூடப் பிறந்தவை என்றால் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். எட்டு வாரக் குட்டி ஆணா பெண்ணா என்று பிரித்துப் பார்ப்பது தேர்ந்த கைக்கும் சில சமயம் தவறும் என்பதால், மூன்றாம் மாதம் ஒருமுறை எடுத்துவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று அழைத்திருக்கலாம். விற்றபிறகான பொறுப்பு என்றால் இதுபோன்ற சின்ன விஷயங்களும் அதில் அடக்கம்.

இதற்கெல்லாம் வளர்ப்பவர் தரப்பில் இரண்டு பதில்கள் உண்டு. நான் இணை சேர்க்காவிட்டால் அந்த உயிரே இருந்திருக்காது, கிடைத்த வரை அதற்கு லாபம்தானே என்பது ஒன்று. இறைச்சி உண்பதற்கு ஆதரவாக இதே வாதத்தை வைத்தவர்களுக்கு ஹென்றி சால்ட் என்ற ஆங்கிலேயர் 1914ஆம் ஆண்டு வாக்கிலேயே பதில் எழுதிவிட்டார்: பிறக்காத ஓர் உயிர் எங்கும் காத்துக் கிடக்கவில்லை, அதற்கு உபகாரம் செய்ததாகச் சொல்ல. சொல்லப்போனால் இந்த வாதம் சொல்பவரையே திருப்பித் தாக்குகிறது. தெருநாய் தானாகப் பிறந்தது. இந்த முயலை ஒருவர் தேதி குறித்து, ஆணின் கூண்டுக்குப் பெண்ணைக் கொண்டுபோய் விட்டுப் பிறக்கவைத்தார். உலகத்துக்குக் கொண்டுவந்தது நான்தான் என்று பெருமை பேசுபவர், கொண்டுவந்தபின் எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது பதில் இன்னும் வலுவானது. வாங்குபவர் வயதுவந்த மனிதர். அவர் செய்யும் அசட்டைக்கெல்லாம் விற்றவரைப் பிடித்தால், வாங்கியவர் பொறுப்பில்லாதவராகவே இருந்துவிடலாம் என்று ஆகாதா? ஆகும். அதனால்தான் இங்கே ஒரு கோடு தேவைப்படுகிறது. தீவனம் போட மறந்தது, கூண்டைக் கழுவாதது, மருத்துவரிடம் கொண்டுபோகாதது எல்லாம் வாங்கியவர் கணக்கு. இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே தெரியக்கூடியதாக இருந்தும் சொல்லாமல் விட்டது, தெரிந்தும் விற்றது, விற்றவர் கணக்கு. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் 16 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விலங்கை விற்பதைத் தடுக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த ஒரே முன்னறிவு வயதுதான். வளர்ப்பவருக்கு அதைவிட நிறையத் தெரியும்: வாசலில் நிற்பவர் முயலைப் பார்க்கிறாரா, அழும் பிள்ளையைப் பார்க்கிறாரா என்று இரண்டு நிமிடப் பேச்சில் கண்டுபிடித்துவிடுவார். விற்க மறுப்பதுதான் அவரிடம் உள்ள பெரிய அதிகாரம்; பணத்தை வாங்கிய மறுகணம் அது போய்விடுகிறது.

அதன்பின் மிஞ்சுவது ஒன்றுதான்: வேண்டாம் என்றானால் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்ற வாக்கு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெயர் காக்கும் முயல் வளர்ப்பாளர்கள் பலர் இந்த வாக்கோடுதான் விற்கிறார்கள். வாக்குக் கொடுக்காதவர்கள் விற்றவை காப்பகங்களில் போய்க் குவிகின்றன. கலிபோர்னியா மாகாணம் 2019இல் நாய், பூனை இரண்டோடு முயலையும் சேர்த்து, காப்பகங்களிலிருந்து வந்தவற்றை மட்டுமே கடைகள் விற்கலாம் என்று கட்டுப்படுத்தியதற்குப் பின்னால் அந்தக் குவியல் இருக்கிறது. முயலுக்குக் காப்பகம் அரிதான நம் ஊர்களில் வளர்த்தவரின் கூண்டுதான் கடைசிப் புகலிடம்.

வாக்குக் கொடுப்பது எளிது, காப்பது எளிதல்ல. திரும்பி வரும் முயல் சொறியோடு வரலாம், ரத்தக்கழிச்சலோடு வரலாம். ஒன்றைக் காப்பாற்றப் போய்க் கொட்டகையே காலியான கதைகள் பண்ணைக்காரர்களிடம் உண்டு. அதனால் தனியாக, தள்ளி, சில வாரம் வைத்திருக்க ஒரு கூண்டு வேண்டும். கறிப்பண்ணைக்காரர் என்றால் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மூன்று வருடம் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட முயல் திரும்பி வந்தால் அது கறிக்குப் போகுமா? போகும் என்றால் கொண்டுவருபவரிடம் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். மறைத்துவிட்டு, நல்ல இடத்தில் விட்டிருக்கிறேன் என்று தொலைபேசியில் சொல்வது, கறிக்கு அனுப்புவதைவிட மோசமான காரியம்.

இந்த வாக்கை நேர்மையாக எடுத்துக்கொண்டால், அது விற்பனையைத் தாண்டி இணைசேர்ப்பையே கட்டுப்படுத்தும். திரும்பி வருபவற்றுக்கு எத்தனை கூண்டு ஒதுக்க முடியும் என்பதுதான் செல்லமாக விற்க எத்தனை ஈற்று எடுக்கலாம் என்பதற்கு அளவு. கேட்பதற்கு அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால் ஆய்வகங்களிடம் இந்தியா இதைக் கேட்டிருக்கிறது. விலங்குகளுக்கு மாற்று, எண்ணிக்கைக் குறைப்பு, வலிக் குறைப்பு என்று உலகம் சொல்லும் மூன்று நெறிகளோடு, சோதனைக்குப் பிந்தைய மறுவாழ்வையும் நான்காவதாகச் சேர்த்து, அதன் செலவும் ஆராய்ச்சிச் செலவே என்று நம் விதிமுறை சொல்கிறது. ஊசி குத்திய ஆய்வகத்துக்கு இருக்கும் கடமை, காசு பார்த்த பண்ணைக்கு இருக்கக் கூடாதா?

யூனிட்டில் போன மூன்று முயல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் பெருந்துறைப் பக்கம், பணம் வாங்கிக்கொண்டு ஈமு பறவைகளை வளர்க்கக் கொடுத்த நிறுவனங்கள் சரிந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அங்கும் ‘திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்ற வாக்குதான் தூண்டில். போட்ட பணம் போனதைப் பற்றி ஊரே பேசியது; தீவனமில்லாமல் நின்ற பறவைகளுக்கு அரசாங்கக் கால்நடைத் துறை இரை போட வேண்டியதாயிற்று. கறிக்குச் சந்தை இல்லாத ஊரில் தாய் முயல்களை மட்டும் விற்றுப் பிழைப்பவர், அடுத்தவர் கொட்டகையில் பிறக்கப்போகும் நூறு குட்டிகளுக்கும் சேர்த்துக் கடன்படுகிறார்.

எல்லாவற்றையும் சேர்த்தால் முயல் விலை ஏறும். தனிக்கூண்டு, தீவனம், திரும்பப் பெறும் செலவு எல்லாம் விலைக்குள் வர வேண்டும். இன்றைக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால்தான், ஜாதிநாய் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் ஓர் உயிரைக் கையில் ஏந்திப் பழக முடிகிறது. அது சிறிய இழப்பல்ல. விலையை ஏற்றிப் பணக்கார வீடுகளுக்கு மட்டும் முயலை ஒதுக்கினால் முயல் நன்றாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஒருவேளை ஏற்றும் தொகையை வைப்புத்தொகையாக வாங்கிக்கொண்டு, வருடம் ஒருமுறை முயலைக் கொண்டுவந்து காட்டுபவருக்குப் பகுதி பகுதியாகத் திருப்பிக் கொடுக்கலாம். பால் கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் நடக்கிற ஊர்களில் இப்படி ஒரு நோட்டுக் கணக்கு வைப்பது முடியாத காரியம் இல்லை. நாலைந்து பண்ணைக்காரர்கள் சேர்ந்து, திரும்பி வருபவற்றுக்கென்று ஒரு கொட்டகையைப் பொதுவில் போட்டுக்கொண்டால், அவர்களில் ஒருவர் தொழிலை விட்டுப் போனாலும் அவர் விற்ற முயல்களுக்குப் போக ஓர் இடம் இருக்கும்.