தர்மகர்த்தாவின் கணக்கு

கிருஷ்ணன்கோவிலில் என் வீட்டு வாசலில் நின்றால் மதுரையிலிருந்து கொல்லம் போகும் சாலை தெரியும். தெற்கே போனால் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர், அதைத் தாண்டி ராஜபாளையம். ராஜபாளையத்தில்தான் என் அப்பா மில் வேலை பார்த்தார். நான் கோயில் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். ராஜபாளையம் பஞ்சாலை ஊர், ஸ்ரீவில்லிபுத்தூர் பெருமாள் ஊர். அறம் என்றால் என்ன என்ற கேள்வி எனக்கு இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் முளைத்தது.

1974-இல் நான் ஆறாம் வகுப்பு. இரவு ஷிப்டில், கார்டிங் மிஷினில் அப்பாவின் வலது கை விரல்கள் மூன்று போயின. சத்திரப்பட்டித் தறிகளில் நெய்த பேண்டேஜ் துணியைத்தான் கையில் சுற்றியிருந்தார்கள். நான்காம் நாள் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் தோளைத் தொட்டார். அம்மா கையில் ஓர் உறையைக் கொடுத்து, “பிள்ளை படிப்பை மட்டும் நிறுத்திறாதீங்க” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. நான் பட்டம் வாங்கும்வரை ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்த வீட்டிலிருந்து பணம் வந்தது. அப்பாவுக்கு வாசலில் வாட்ச்மேன் வேலையும் கிடைத்தது.

“முதலாளி நல்லாருக்கணும் தாயி” என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். விபத்துக்கு இழப்பீடு கேட்கத் தொழிலாளிக்குச் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. ஒரு கையெழுத்தோ ரசீதோ எங்கள் வீட்டில் கிடையாது. சட்டப்படி எவ்வளவு வந்திருக்கும் என்று பின்னாளில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதலாளி கொடுத்தது அதைவிடக் கூடுதல்தான். அப்படியிருந்தும் என் மனது ஆறவில்லை.

தர்மமாக வந்தால் என்ன, உரிமையாக வந்தால் என்ன, பணம் ஒன்றுதானே என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். இத்தனை வருடமும் நான் அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

என் தொழிலிலிருந்து சொல்கிறேன். சட்டத்தின் கண்ணில் கோயில் மூர்த்தி ஒரு நபர். 1925-இல் பிரிவி கவுன்சிலே அதை உறுதி செய்தது. அவர் பேரில் நிலம் இருக்கும், நகை இருக்கும், வழக்கும் நடக்கும். ஆனால் அவர் வாய் திறந்து கேட்கமாட்டார். அதனால் என்றைக்கும் மைனர். மைனர் சொத்தைப் பார்த்துக்கொள்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு கால பூஜைக்கு எத்தனை படி அரிசி, எத்தனை ஆழாக்கு நெய் என்று திட்டம் இருக்கும். ஆடி மாதத்தை ஒட்டிப் பசலி என்கிற கணக்கு ஆண்டு பிறந்ததும் பழைய பசலியின் வரவும் செலவும் எங்கள் மேஜைக்கு வரும். தன் கைப்பணத்தைப் போட்டுக் கும்பாபிஷேகம் செய்த அறங்காவலர்களின் கணக்கிலும் நான் தணிக்கைத் தடை எழுதியிருக்கிறேன். அவர்களில் ஒருவர், “என் பக்தியைச் சந்தேகப்படுறீங்களா அம்மா?” என்று கண் கலங்கினார். பக்தியை நான் சந்தேகப்படவில்லை. நெய்க்கு ரசீது இல்லை என்றுதான் எழுதினேன்.

கோயிலுக்குக் கொடை தரும் உபயதாரருக்கும் இதே கதைதான். ஒரு கட்டளைக்கு நிலம் எழுதி வைத்துவிட்டால் அது பெருமாளுடையது. கொடுத்தவர் பேரன் வந்து என் தாத்தா கொடுத்தது என்று வரப்பில் கால் வைக்க முடியாது. கொடுப்பது என்றால் விட்டுவிடுவது. விடாமல் பிடித்துக்கொண்டே கொடுப்பதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்குக் கேட்கும் உரிமை ஒரே நாளில் வந்ததல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1817-இல் கோயில் சொத்துகளைத் தன் வருவாய் வாரியத்தின் கண்காணிப்பில் வைத்தது; 1863-இல் ஆங்கிலேய அரசு கைகழுவியது. பிறகு நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் காலத்தில் இந்து அறநிலைய வாரியம் வந்தது. வாரியத்தை எடுத்துவிட்டு அரசுத் துறையாக்கிய சட்டம் 1951-இல் வந்தது. அப்போது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் யார் தெரியுமா? ராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா. அந்தச் சட்டத்தின் சில பிரிவுகளை 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது; 1959-இல் புதுச் சட்டம் வந்தது. அரசு கோயிலுக்குள் இவ்வளவு தூரம் நுழையலாமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அதில் நியாயம் உண்டு என்பதை உள்ளேயிருந்து பார்த்தவளாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குமாரசாமி ராஜா காந்தியின் தொண்டர். ராஜபாளையத்தில் தான் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். 1957-இல் அவர் மறைந்து இத்தனை காலம் ஆனபிறகும் அந்த வீடு மன்றமாகவே நிற்கிறது. கொடுத்தார், விட்டார்.

காந்தி சொன்ன தர்மகர்த்தா முறையை எங்கள் பக்கத்து முதலாளிகள் பலரும் மேடையில் பேசிக் கேட்டிருக்கிறேன். செல்வம் வைத்திருப்பவர் அதற்கு உடைமையாளர் அல்லர், ஊரின் சார்பில் காவலர் என்பது அதன் சாரம். உயர்ந்த எண்ணம். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டதிலிருந்து அந்த ஊரில் மில்லோடு மில்லாகப் பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, கோயில் திருப்பணி என்று வளர்ந்ததை யாரும் மறைக்க முடியாது. ஆனால் கோயில் தர்மகர்த்தாவுக்கு மேலே தணிக்கை உண்டு. ஊருக்குத் தர்மகர்த்தா என்று தன்னைச் சொல்லிக்கொள்பவரிடம் எந்தப் பசலியில் யார் கணக்குக் கேட்பது? கணக்குக் கொடுக்காத தர்மகர்த்தா உடைமையாளர்தான். காந்தியின் சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் இந்தப் பாதியை விட்டுவிட்டார்கள் என்பது என் தீர்ப்பு.

உரிமை தர்மத்தின் வேடம் போட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததே சாட்சி. சின்னப் பெண்களின் கூலியைப் பிடித்துவைத்து, மூன்று வருட முடிவில் கல்யாணச் சீர் போலக் கொடுத்தார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பியவள் அந்தச் சீரைக் கேட்கக் கூடாது. அவள் கூலியை அவளுக்கே தானமாக்கியது பாவம்; வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

முதலாளியே ஊரை நடத்தினால் சுத்தமாக இருக்கிறதே என்பார்கள், ஜாம்ஷெட்பூரைக் காட்டி. தெருவும் தண்ணீரும் அங்கே நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நூறு வருடம் தாண்டிய அந்த நகரத்தில் மக்கள் வாக்களித்து அமைத்த மாநகராட்சி கிடையாது. இங்கிலாந்தில் போர்ன்வில் என்ற ஊரைக் கட்டிய சாக்லேட் முதலாளி ஜார்ஜ் காட்பரி, 1900-இல் அதை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்து, தன் கையிலிருந்து விடுவித்தார். எங்கள் உபயதாரர் செய்வதும் அதைத்தான். நியூசிலாந்தில் 2017-இல் வாங்கனூய் ஆற்றைச் சட்டம் ஒரு நபராக ஏற்றுக்கொண்டு, அதன் சார்பில் பேச இரண்டு காவலர்களை வைத்தது. ஆறு நபராகலாம் என்றால் ஊர் ஏன் ஆகக்கூடாது? ஊரும் வாய் திறந்து கேட்காத மைனர்தான். சிவன் சொத்து குல நாசம் என்று நடுங்குகிறவர்களே, ஊரான் வீட்டு நெய்யே என்று ஊர்ச்சொத்தில் கை வைக்கிறார்கள்.

தேர்தல் நடந்தால் மட்டும் போதுமா என்றும் கேட்கலாம். தேர்தலே நடக்காத வருடங்கள் நமக்கு எத்தனை! 1986-க்குப் பிறகு நகராட்சித் தேர்தல் 1996-இல்தான். 2016-இல் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் வாக்குப்பதிவு. ஐந்து வருடத்துக்கு மேல் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தனி அலுவலர் கையில் இருந்தன. கோயிலிலும் இப்படித்தான்: அறங்காவலர் இல்லாதபோது துறை நியமிக்கிற அதிகாரிக்குத் தக்கார் என்று பெயர். தக்கார் தற்காலிகம்; பல கோயில்களில் அந்தத் தற்காலிகமே நிரந்தரமாகிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

என் தோழிக்குப் பதில் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியில்தான் கிடைத்தது. தான் சூடிய மாலையை அவள் பெருமாளுக்குக் கொடுத்தாள். அபசாரம் என்று பெரியாழ்வார் பதறி வேறு மாலை கட்டினார். பெருமாள் அவள் சூடியதையே கேட்டார். இன்றும் அவள் மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது, சித்திரையில் கள்ளழகருக்கு மதுரை போகிறது. அவள் கெஞ்சவில்லை. தனக்குப் பாத்தியம் உண்டு என்று எடுத்து முதலில் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். உரிமை வந்தால் அன்பு போய்விடும், சட்டம் வந்தால் தர்மம் செத்துவிடும் என்கிறவர்கள் அந்த மாலையைப் பார்க்கட்டும். உரிமையோடு கொடுத்ததைத்தான் பெருமாள் ஏற்றார்.

அப்பாவுக்கு அந்தப் பாத்தியம் கிடைக்கவில்லை. தன் விரல்களுக்கு ஈடாக வந்ததை அவர் ஐம்பது தடவை கும்பிட்டு வாங்கினார். முதலாளியின் அன்பை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அந்த அன்பில்தான் படித்தேன். அவர் கொடுத்ததோடு ஒரு ரசீதும் இருந்திருந்தால் அப்பா நிமிர்ந்து நின்று நன்றி சொல்லியிருப்பார்.

கிருஷ்ணன்கோவில் ஊராட்சிப் பகுதி. விருதுநகர் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். மன்றம் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். வரவு செலவுக் கணக்கை அங்கே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டில் பகுதி சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் போங்கள்.