நீரில் தவிக்கும் உயிரும் தர்மமும்

வெள்ளக் காலத்தில், "மனுசனே தவிக்கிறான், நாய்க்கு என்ன?" என்று கேட்பவர் உண்டு. மனிதரும் நாயும் ஒருசேரத் தவித்தால் மனிதரை முதலில் கரையேற்றுவதே முறை. ஆனால் மனிதர் கரையேறிய பின்னும் கைகட்டி நிற்க அந்தக் கேள்வி சாக்காகக் கூடாது.

சென்னையில் விமானியாயிருந்த கேப்டன் சுந்தரம், மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றினார். அந்த இரக்கமே வளர்ந்து 1964-ல் புளூ கிராஸ் அமைப்பாகப் பதிவாயிற்று. இரக்கம் செலவழித்தால் தீரும் அரிசியல்ல. இறைக்க ஊறும் கிணறு.

வானகரத்தை ஒட்டிய கூவத்தில் நாயொன்று அடித்துவரப்பட்டால், தாமும் குதிக்காமல் கயிறோ பலகையோ நீட்டுங்கள். பயத்தில் கடிக்கும், கவனம். கரையேறியதும் தலையைத் தாழ்த்தி வாயிலும் மூக்கிலும் உள்ள நீரை வடியுங்கள். மூச்சில்லையானால் அதன் வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியே ஊதுங்கள். மூச்சு வந்ததும் துடைத்து, துணி போர்த்தி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எழுந்து நடந்தாலும் நுரையீரலில் புகுந்த நீர் பிறகு கெடுதல் செய்யும்.

அந்த நாய் நன்றி சொல்லாது, காணிக்கையும் வைக்காது. பலன் கேளாமல் செய்வதல்லவா தர்மம்? ஆடு, கோழி பலியை விலக்கிய வைகுண்டர் வழியில் வந்தோர், பலியிடாமல் இருப்பதோடு நில்லாமல், சாகும் உயிரைக் காக்கவும் கைநீட்ட வேண்டும்.

ஐயா உண்டு.