சும்மா இருக்கும் கை

தமிழில் 'சும்மா' என்ற சொல்லுக்குப் பல பொருள் உண்டு. வேலை செய்யாமல் இருப்பது சும்மா. காசு வாங்காமல் கொடுப்பது சும்மா. காரணம் ஏதுமின்றிச் செய்வதும் சும்மா. வீட்டு ஜன்னலுக்குக் குரோஷா ஊசியில் திரை பின்னுகிறவளிடம் பேசிப் பாருங்கள், மூன்றும் வந்துவிடும். "சும்மா இருந்த நேரத்துல பின்னுனது" என்பாள். என்ன விலை பெறும் என்றால், "விலையா, சும்மா வீட்டுக்குத்தான்" என்பாள். எதற்காகப் பின்னினாய் என்றால், "சும்மாதான்" என்று சிரிப்பாள்.

யாரும் கேட்காமல், கூலி வாங்காமல், ஒரு பெண் தன் வீட்டுக்குச் செய்யும் அழகான வேலை அவளுக்கு என்ன செய்கிறது? அவளை விடுவிக்கிறதா, இருந்த இடத்திலேயே இருத்திவைக்கிறதா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாலடி அகலம், ஏழடி உயரத்தில் ஒரு கதவுத் திரை. அங்குலத்துக்கு மூன்று கட்டம் வருகிற மாதிரி வலைப்பின்னல் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே 144 கட்டம், நெடுக்கே 252. மொத்தம் 36,288 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு தூண், இரண்டு சங்கிலி என்று மூன்று பின்னல் போட்டால், ஒரு லட்சத்துக்கும் மேல். நிமிடத்துக்கு இருபது பின்னல் போடுகிற பழகிய கைக்குக்கூடத் தொண்ணூறு மணி நேரம் ஆகும். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நாற்பத்தைந்து நாள். ஸ்வெட்டர் பின்ன எந்திரம் வந்துவிட்டது. குரோஷாப் பின்னலை அப்படியே போடும் எந்திரம் இன்னும் ஆலைகளுக்கு வரவில்லை. உண்மையான குரோஷாத் திரை எங்கே தொங்கினாலும் அதன் ஒவ்வொரு கண்ணியும் யாரோ ஒருவர் கையால் போட்டதுதான்.

இந்தத் தொண்ணூறு மணி நேரம் அவளுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? இந்தியாவில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேர வீட்டுவேலை முடிந்த பிறகு மிஞ்சுகிற துணுக்குகளில்தான் திரை வளர்கிறது. பால் பொங்கும்வரை ஒரு வரிசை, தண்ணீர் வரும்வரை ஒரு வரிசை. குரோஷா பெண்களுக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த இடத்தில் எழுந்து போனாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் நிற்கும். அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எங்கள் சூலக்கரைப் பக்கம் சும்மா இருக்கும் கையைக் கண்டால் யாருக்கும் பொறுக்காது. தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆபீசுக்கோ போய் வந்தவர்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குரோஸ் கணக்கில் தீப்பெட்டி ஒட்டியவர்கள் வளர்த்த ஊர் இது. இங்கே ஒரு பெண் மத்தியானத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்தால், "ஏத்தா, அந்தத் துணிய மடிச்சு வையேன்" என்று குரல் வரும். அவளே ஊசியும் நூலுமாக உட்கார்ந்தால் வராது. ஏனென்றால் அவள் 'வேலையாக' இருக்கிறாள். தனக்கென்று கொஞ்ச நேரம் உட்கார ஊசி அவளுக்கு ஒரு சாக்கு. வேலை வேடம் போட்டு வந்தால்தான் அவளுடைய ஓய்வை வீட்டுக்குள் அனுமதிக்கிறார்கள்.

இதே வேடத்தைத் தலைகீழாகப் போட்ட இடம் ஆந்திராவின் நரசாபுரம். கிறித்தவ மிஷனரிகள் அறிமுகப்படுத்திய லேஸ் பின்னல் அங்கே வீட்டுத்தொழிலாக வளர்ந்தது. அதை நேரில் ஆராய்ந்த ஜெர்மானியப் பெண்ணியர் மரியா மீஸ் 1982இல் தன் நூலை வெளியிட்டார். பெண்கள் வீட்டுவேலைக்கு மேல் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் குரோஷா ஊசியோடு இருந்தார்கள். அவர்கள் பின்னியது வெளிநாடுகளுக்குப் போனது. வியாபாரம் ஆண்கள் கையில். பெண்களுக்கோ 'ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள்' என்ற பெயரும், அந்தப் பெயருக்கு ஏற்ற அற்பக் கூலியும். வயலுக்குப் போன தலித் பெண்கள் இவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆனாலும் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருப்பதே சாதி மதிப்பு என்று லேஸ் பின்னிய மேல்படிப் பெண்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர்களும் அதை நம்பினார்கள். இங்கே ஓய்வு வேலையின் வேடம் போட வேண்டியிருக்கிறது. அங்கே வேலைக்கு ஓய்வின் வேடம் போட்டுவிட்டார்கள். இரண்டு இடத்திலும் நட்டம் பெண்ணுக்கே.

நூலுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்துகொண்டு இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கைத்தொழிலும் கூடவே வந்தது. அது குரோஷா அல்ல, திண்டின் மேல் குண்டூசி குத்திக் கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போடும் பின்னல். அன்றைய திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது. லேஸ் விற்ற காசைக் கொடுத்து அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அதே மண்ணில் அதே காலத்தில்தான், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். மேலுடம்பை மறைக்க அனுமதிக்கும் அரச ஆணை 1859இல் வந்தது. மேலாடைக்குத் தடை இருந்த ஊரில், ஐரோப்பியச் சீமாட்டிகளின் உடைக்கு ஓரம் பின்னிய கைகள் அவை. ஆனாலும் அந்த நூல் அவர்களை விடுவித்தது. காசு அவர்கள் கைக்கு வந்ததுதான் காரணம்.

வகுப்பில் இதைச் சொன்னால், "அப்போ வீட்டுக்குப் பின்னுறது தப்பா மேம்?" என்று மாணவிகள் கேட்கிறார்கள். தப்பில்லை. காசு வந்தால் விடுதலை, வராவிட்டால் சுரண்டல் என்று ஒரே தராசில் எல்லாவற்றையும் நிறுத்துவிட முடியாது. கவிதை எழுதிக் காசு பார்த்தவர்கள் எத்தனை பேர்? சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உருவகிக்கிறது நன்னூல். நூல் என்ற ஒரே சொல்லால் இழையையும் புத்தகத்தையும் குறிக்கிறோம். ஆண் எழுதும் நூலை இலக்கியம் என்றும், பெண் பின்னும் நூலைப் பொழுதுபோக்கு என்றும் பிரித்தது மொழியல்ல, நாம்.

என் அளவுகோல் வேறு. ஒரு வேலை அவளுடையதுதானா என்று தெரிய வேண்டுமானால், பாதியில் விட்டுப் பாருங்கள். சோற்றைப் பாதியில் விட முடியாது, வீடு அலறும். மாமியாரின் மருந்தை, பிள்ளையின் சீருடையை விட முடியாது. இவை அவசியமான உழைப்பு, இவற்றுக்குப் பங்கும் மதிப்பும் கேட்டே ஆக வேண்டும். கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டுவேலை செய்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தரத் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்க்கு 'உதவி' என்று பெயரில்லை, 'உரிமைத் தொகை' என்று பெயர். தொகை சிறியது, சொல் பெரியது.

திரையோ அப்படியல்ல. பாதியில் விட்டால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். கடையில் வாங்கிய ஸ்கிரீன் துணி அதே வெயிலை மறைக்கும். யாருக்கும் தேவைப்படாத வேலை என்பதாலேயே அது அவளுக்கே அவளுக்கானதாக இருக்கலாம். மயில் போடுவதா, கட்டம் போடுவதா என்று அந்த வீட்டில் அவள் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் ஒரே இடமாகவும் இருக்கலாம். அதை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டுப் பெண்ணியம் பேச முடியாது. ஆனால் விட முடியாத நிலை வந்துவிட்டால், நாத்தனார் வீட்டுக்கும் ஒன்று, சம்பந்தி வீட்டுக்கும் ஒன்று என்று கேட்கத் தொடங்கிவிட்டால், அந்த நொடியே அது சோறாக்குவதைப் போன்ற இன்னொரு வேலை. அப்போது விலை சொல்ல வேண்டும். இல்லையென்றால் முடியாது என்று சொல்ல வேண்டும்.

அருணகிரிநாதரும் தாயுமானவரும் சும்மா இருப்பதைப் பெரும் பேறாகப் பாடினார்கள். அந்தப் பேறு ஆண் துறவிக்கு வாய்த்தால் ஞானம். அதையே வீட்டிலிருக்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னால் குற்றச்சாட்டு. ஊசியும் கையில் இல்லாமல், புத்தகமும் இல்லாமல், ஜன்னலோரம் ஒரு பெண் வெறுமனே உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்ற நிலை வேண்டும். அப்படியொரு வீட்டில் அவள் எடுத்துப் பின்னும் திரைதான் உண்மையிலேயே சும்மா பின்னியது.

வலைத்திரைக்கு ஒரு குணம் உண்டு. பகலில் உள்ளே இருப்பவளுக்குத் தெரு தெரியும், தெருவுக்கு அவள் தெரிய மாட்டாள். இரவில் விளக்குப் போட்டதும் இது மாறிவிடும். எப்போது விளக்குப் போடுவது, எப்போது திரையை ஒதுக்கிவிட்டு வெளியே போவது என்பதையும் பின்னியவளே தீர்மானிக்கட்டும்.